சோலைராஜ் குரலைத் தணித்த வாரம்

சோலைராஜுக்குத் தணிந்த குரல் என்று ஒன்று இருந்ததில்லை. பதினெட்டு வயதில் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் சேர்ந்தவர். நூற்கும் எந்திரங்கள் ஓடுகிற கூடத்தில், பக்கத்தில் நிற்பவன் காதில் கத்தினாலும் பாதிதான் போய்ச் சேரும். அதனால் உள்ளே எல்லோரும் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். வெளியே வந்தால் காது அடைத்திருக்கும். தொண்டை தானாகத் திறந்துகொள்ளும்.

என் தங்கை வேலுத்தாயை அவர் கட்டியது 1984இல். மணமேடையில் அவளிடம் ரகசியமாக, “பசிக்குதா?” என்று கேட்டார். பந்திக்குக் காத்திருந்தவர்கள், “எங்களுக்கே இன்னும் எலை போடலை மாப்ளே” என்று பதில் சொன்னார்கள்.

பதினோரு வருஷம் கழித்துத்தான் பிள்ளை. அதுவும் ஏழாம் மாதமே வந்துவிட்டது. வேலுத்தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறி, ஜன்னி கண்டு, திருவில்லிபுத்தூரில் ஒரு நர்சிங் ஹோமில் அறுத்து எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. நான் அப்போது மஸ்கட்டில் இருந்தேன். விஷயம் தெரிந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

குழந்தையைக் கீழே தனி அறையில் வைத்திருந்தார்கள். வேலுத்தாய் மாடியில், எழுந்து உட்காரக்கூட முடியாமல். அவள் மாரோடு கிடந்த துணியைக் கொண்டுவந்து பிள்ளையின் மூக்கருகே வைப்பார்கள், தாயின் வாசனை தெரியட்டும் என்று. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. தட்டு, கிண்ணம் எதையும் ணங்கென்று வைக்கக் கூடாது. மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, வெளிச்சமும் சத்தமும் அதற்கு அடி மாதிரி என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

சோலைராஜ் முதல் தடவை உள்ளே போனபோது இதெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

“ஏட்டி ராசாத்தி!” என்றார்.

குழந்தை கையையும் காலையும் உதறியது. உதடு நீலமாயிற்று. மூச்சு நின்றுபோனது. நர்ஸ் பரிபூரணம் ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டிவிட்ட பிறகுதான் திரும்பி வந்தது. சோலைராஜ் வராந்தாவில் போய் உட்கார்ந்து துண்டை வாயில் திணித்துக்கொண்டார்.

“ஒரு வாரம் பார்ப்போம். எடை ஏறணும், மூச்சு மறக்கறது நிக்கணும். இல்லைன்னா மதுரைக்குத்தான். ஆனா இம்புட்டுப் பிள்ளையை வேன்ல வச்சு அம்புட்டுத் தூரம் கொண்டுபோக எனக்கே பயமா இருக்கு” என்றார் டாக்டரம்மா. பிறகு, பயிற்சிக்குப் போன இடத்தில் பார்த்த ஒரு முறையைச் சொன்னார். கங்காரு குட்டியை வைத்திருப்பதுபோல, வெற்று நெஞ்சில் பிள்ளையைச் சேர்த்துக் கட்டிக்கொள்வது. தாயால் முடியாவிட்டால் தகப்பன்.

மறுநாளிலிருந்து சோலைராஜ் முதல் ஷிப்ட் முடிந்து, பஸ் பிடித்து, பஞ்சு போகக் குளித்து, நகம் வெட்டி, ஐந்து மணிக்கு வந்து உட்காருவார். பரிபூரணம் பிள்ளையை அவர் நெஞ்சில் தவளைபோலப் படுக்க வைத்து, துணியால் சுற்றிக் கட்டுவாள். மூன்று மணி நேரம் ஆடாமல் அசையாமல் இருப்பார். மூச்சு மறப்பது குறைந்தது. ஆனால் எடை நின்ற இடத்திலேயே நின்றது. பால் குழாய் வழியாகத்தான் போயிற்று. சொட்டுப் பாலை உதட்டில் வைத்தாலும் சப்பவில்லை.

ஐந்தாம் நாள் பரிபூரணம் கேட்டாள்: “ஏன் அண்ணாச்சி, பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாதா? வயித்துல இருக்கையிலயே உங்க சத்தம் அதுக்குப் பழக்கம்லா?”

சோலைராஜ் உதட்டை அசைத்தார்.

“என்னது?”

“பேசிக்கிட்டுத்தானே சிஸ்டர் இருக்கேன், நாலு நாளா!” பாதியிலேயே சத்தம் ஏறிவிட, வாயைப் பொத்திக்கொண்டார்.

“அட கர்த்தரே! நீங்க ஜெபம் பண்ணுதீயன்னுல்லா நெனச்சேன்! தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு பக்கத்துலயே வரலை.”

“மில்லு விஷயம் பூராவும் சொல்லியாச்சு.”

“அதுக்கு உதட்டைப் பாத்துப் படிக்கத் தெரியுமாக்கும்? அதைத்தான் நெஞ்சுல குப்புறப் போட்டிருக்கே!” பரிபூரணம் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். “வாயைத் தெறக்காதிய. ம்முன்னு முனங்குங்க. காது உங்க நெஞ்சுலதானே இருக்கு?”

முனங்கினார். முதலில் லாரி மேடு ஏறுவதுபோல இருந்ததாம். மறுநாள் பஸ்ஸிலும் பழகினார். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் முனகலுக்குள்ளிருந்து மெல்ல வார்த்தைகள் வந்தன. மேஸ்திரி கருத்தையாவின் வேட்டி எந்திரத்தில் மாட்டிக்கொண்டு, அவர் அரை டிராயரோடு மேனேஜர் முன்னால் நின்ற கதை. குழந்தை கண்ணைத் திறந்தது. அவர் நெஞ்சு முடியைப் பற்றிக்கொண்டு, வாயைக் குவித்துக் குவித்துச் சப்பியது. பரிபூரணம் மாடிக்கு ஓடிப் பால் கொண்டுவந்து விரல் நுனியில் வைத்தாள். அதையும் சப்பியது.

குரலாலா, உடம்புச் சூட்டாலா, பாலாலா என்று டாக்டரம்மா பிரித்துச் சொல்லவில்லை. “மூணும் வேணும், நிறுத்தாதீங்க” என்றார்.

வாரக் கடைசியில் நான் நர்சிங் ஹோமுக்குப் போன் போட்டேன். எடை பார்க்கிற நாள் அது. யாரோ எடுத்து, யாரென்று கேட்டு, பிள்ளை இருந்த அறைக்கு ரிசீவரைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

“மச்சான்...”

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. சோலைராஜுக்கு இப்படி ஒரு குரல் வர வேண்டுமானால் என்ன நடந்திருக்க வேண்டும்?

“மாப்பிள்ளை, என்ன ஆச்சு? மறைக்காமச் சொல்லுங்க!”

“கத்தாதிய மச்சான். பிள்ளை நெஞ்சுல தூங்குது.”

“எடை?”

“நாப்பது கிராம் கூடிருக்கு. மதுரை வேண்டாம்னுட்டாவ.”

நான் என்ன சொன்னேனோ, அறையில் என்னோடு இருந்த மலையாளி கட்டிலிலிருந்து எழுந்தே விட்டான். அந்தப் பக்கம் “ஸ்ஸ்ஸ்” என்றார் சோலைராஜ். பின்னாலிருந்து வேலுத்தாயின் குரல் கேட்டது. அன்றுதான் அவளைக் கீழே இறக்கிக் கூட்டி வந்திருந்தார்கள்.

“அண்ணே, இவியகிட்ட நீங்களாவது சொல்லுங்க. பெத்தவ அரை மணி நேரமா மடியை விரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். செத்த நேரம், செத்த நேரம்ங்காவ!”

“மெதுவாப் பேசு வேலு” என்றார் அவர்.