எடைமேடைக் கம்ப்யூட்டரை மாரியம்மன் எழுப்பிய வெள்ளிக்கிழமை

ஆடி வெள்ளியன்று காலையில் எங்கள் எடைமேடைக் கம்ப்யூட்டர் செத்துப்போனது. கீழவாஞ்சூரில் துறைமுக லாரிகளை எடை போடுகிற இடம் அது. என் மருமகள் கலைச்செல்விக்குக் கம்ப்யூட்டர் வேலை, எனக்குக் காவல் வேலை. மகன் தவறிப்போன பிறகு எங்கள் வீட்டில் உலை கொதிப்பது அவள் சம்பளத்தில்தான். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவளே இதை எழுதுகிறாள்.

முந்தின நாள் சாயங்காலம் ஏதோ அப்டேட் கேட்டதாம். சரி என்று அமுக்கிவிட்டாள். மறுநாள் போட்டால் கறுப்புத் திரையும் மேலே ஒரு வரி வெள்ளை எழுத்தும்தான். நிறுத்திப் போட்டாள். ஒயரைப் பிடுங்கிச் சொருகினாள். அதே கறுப்பு.

வெளியே லாரிகள் வரிசை கட்டிவிட்டன.

"அக்கா, நிலக்கரி ஊசிப்போயிடும், சீக்கிரம் போடுங்க!" என்று ஒரு டிரைவர் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

முதலாளி வந்தார். "யாரைக் கேட்டும்மா அமுக்குன? மத்தியானத்துக்குள்ள ஓடலன்னா நாளைலேருந்து வராத."

அவள் அழவில்லை. மறுபடி நிறுத்திப் போட்டாள்.

வயலில் நான் ஓட்டிய ஆயில் எஞ்சினும் இப்படித்தான் மக்கர் பண்ணும். நாலு திட்டு திட்டினால் கிளம்பிவிடும். இதில் யாரைத் திட்டுவது? ரிப்பேர்காரர் போனை எடுக்கவில்லை.

கம்ப்யூட்டர் பெட்டியில் ஒரு பென்டிரைவ் சொருகியே கிடக்கும். தினமும் காலையில் எனக்காக அவள் போடுகிற அம்மன் பாட்டு அதில்தான். அதைப் பிடுங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "தாயே, இவ வேலைய மட்டும் காப்பாத்திக் குடு" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை.

"இன்னொரு தடவ போடும்மா."

"எத்தன தடவ மாமா?" என்றபடியே போட்டாள். திரை வெளுத்தது. படம் வந்தது.

மத்தியானம் போனில் கிடைத்த ரிப்பேர்காரர் நடந்ததைக் கேட்டுச் சிரித்தார். "பெரியவரே, அப்டேட்டுக்கப்புறம் மெஷினு ஸ்டார்ட் ஆகறதுக்கு முதல்ல அந்தப் பென்டிரைவத் தேடிப் போயிருக்கு, அதுல வெறும் பாட்டுதான இருக்கு, அங்கயே நின்னுடுச்சு. எடுத்தீங்க, சரியாயிடுச்சு. அவ்ளோதாங்க."

இருக்கட்டும். எடுக்க வேண்டும் என்று என் கைக்கு யார் சொன்னது?

மகன் போனதிலிருந்து கலைச்செல்வி கோயில் வாசலை மிதித்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை. அன்று வேலை முடிந்து நான் கோயிலுக்குக் கிளம்பியதும், "மாமா, நானும் வர்றேன்" என்றாள். இந்த வரியை எழுதமாட்டேன் என்கிறாள். எழுதும்மா.

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, பெரிய வார்த்தை தேடாதீர்கள். வாயில் வருவதைச் சொல்லிக் கேளுங்கள். அந்தத் தாயின் காதில் விழும்.