மருந்து வாடை இல்லாத துவாய்

கொத்மலை நீர்த்தேக்கத்தில் நான் என் மனைவியைக் காப்பாற்றவில்லை. அவள்தான் என்னைக் காப்பாற்றினாள்.

எங்கள் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் இதைத் தலைகீழாகத்தான் சொல்வார்கள். அவர்கள்மேல் தவறில்லை. அப்படிச் சொல்லிவைத்தவன் நான்!

உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்லத் துணிகிறேன் போலும்... தெரிந்தவர்களிடம் சொல்ல எட்டு மாதமாக எனக்கு வாய் வரவில்லை.

எனக்கு வயது நாற்பத்தொன்பது. கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தர். தோட்டத்து மக்களுக்குக் 'கண்டாக்கையா'. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் வாசித்து ஆட்களை மலைக்கு அனுப்புவது, கொழுந்தின் நிறையைப் பதிவது, மழைமானியைப் பார்த்து எழுதுவது என் வேலை. இருபத்திரண்டு வருடங்களாக நாட்குறிப்பும் எழுதிவருகிறேன். ஒரு நாளும் விட்டதில்லை. மழை நாலரை மில்லிமீட்டர் என்றால் நாலரை என்றுதான் எழுதுவேன். ஐந்து என்று எழுத மாட்டேன்.

அந்தப் பேனாவால்தான் பொய்யும் எழுதினேன்.

ராணி, என் மனைவி, தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரியை. எங்கள் லயக் குடியிருப்புகளுக்குக் கீழே ஓடும் சிற்றாறான ஓயாவில்தான் பெண்பிள்ளைகள் துணி துவைக்கிறார்கள். மேலே மழை பெய்தால் அது சொல்லாமல் பெருகும். பிள்ளைகளில் ஒருத்திக்கும் நீந்தத் தெரியாது. ராணியே நாற்பத்து நாலாவது வயதில்தான் நீந்தப் பழகினாள். ஹட்டன் பக்கம் ஒரு ஹோட்டலின் நீச்சல் தடாகத்தில் சனிக்கிழமைகளில் வெளியாரையும் விடுவார்கள். அங்கே தன் மாணவிகளையும் கூட்டிப்போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. பெற்றோர் கூட்டத்தில் அதைச் சொன்னாள்.

"தண்ணியில பொம்பளப் புள்ளைங்களுக்கு என்னா டீச்சர் வேல?" என்று கேட்டாள் புஷ்பம். கொழுந்து எடுப்பவள், தர்ஷினி என்ற மாணவியின் தாய்.

"துணி தொவைக்க அனுப்புறீங்களே, அது தண்ணி இல்லியா?"

"அது முழங்கால் தண்ணி. நீங்க சொல்றது ஆளையே முழுங்குற தண்ணியாச்சே!"

"சரி. கொத்மலையில ஒரு போட்டி வைக்கிறாங்க. நீந்தணும், சைக்கிள் ஓட்டணும், அப்புறம் ஓடணும். மூணையும் நான் முடிச்சிட்டு வர்றேன். அதுக்கப்புறம் அனுப்புவீங்களா?"

"சைக்கிளா! சேலையோடயா டீச்சர்?"

கூட்டமே சிரித்தது. ராணியும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியபோது ஏழு தாய்மார் சம்மதித்திருந்தார்கள். டீச்சர் முடித்தால் பிள்ளையை அனுப்புவார்கள். முடிக்காவிட்டால் இல்லை.

ஓர் உள்ளூர் விளையாட்டுக் கழகம் நடத்திய சிறிய ட்ரையத்லன் அது. நானூறு மீட்டர் நீச்சல், பன்னிரண்டு கிலோமீட்டர் சைக்கிள், மூன்று கிலோமீட்டர் ஓட்டம். "நீங்களும் வாங்களேன்... தனியாப் போகக் கூச்சமா இருக்கு" என்றாள். பெயர் கொடுத்தேன். நாள் முழுவதும் மலை ஏறி இறங்கும் கால்கள் எனக்கு. சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் பயமில்லை. நீச்சல்தான்...

தடாகத்தில் காலை நேரம் பெண்களுக்கு, பிற்பகல் ஆண்களுக்கு. ராணி போய் வந்த பிறகு நான் போவேன். மூன்று சனிக்கிழமைகள் ஒழுங்காகப் போனேன். தண்ணீர் எலும்புவரை குளிர்ந்தது. நாலு சுற்றிலேயே மூச்சு முட்டியது. பக்கத்தில் நீந்திய ஒருவர், "அண்ணே, நடக்குறீங்களா, நீந்துறீங்களா?" என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். எனக்கு அது போதுமாயிருந்தது!

நாலாவது சனிக்கிழமை தடாகத்துக்குப் போகவில்லை. பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரியை நாங்கள் எல்லோரும் நானா என்போம். அவர் கடையில் போய் உட்கார்ந்தேன்.

"என்ன கண்டாக்கையா, நீந்தப் போறன்டு வந்து தேத்தண்ணியிலயா நீந்துறீங்க?"

"கூதலா இருக்கு நானா."

"தண்ணியெண்டா கூதலாத்தான் ஈக்கும். சுட வெச்சா தருவாங்க?"

இரண்டு பிளேன்டீ குடித்தேன். பிறகு கடைக்குப் பின்னாலிருந்த குழாயில் துவாயை நனைத்துப் பிழிந்தேன். நீச்சல் உடையை நனைத்தேன். தலையிலும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொண்டேன். எதையும் அரைகுறையாகச் செய்யாதவன் அல்லவா நான்!

வீட்டுக்கு வந்து எழுதினேன்: "சனி. மழை 4.5 மி.மீ. நீச்சல் 12 சுற்று."

ஒரே வரி. ஒரே மை. மழை உண்மை...

அடுத்த வாரம் பதினான்கு. அதற்கடுத்த வாரம் பதினாறு. இப்படி ஐந்து சனிக்கிழமைகள். கடைசி வாரம் இருபது என்று எழுதினேன். பொய்யைக்கூட நிதானமாகத்தான் கூட்டினேன். ராணி குறிப்பேட்டை எட்டிப் பார்த்து, "இருபதா! என்னைய முந்திருவீங்க போல" என்றாள். பிறகு, "தலையைச் சரியாத் தொவட்டலையே, சளி புடிச்சிரும்" என்று தன் முந்தானையால் துவட்டிவிட்டாள்.

குழாயடியில் நனைத்த தலையை! அவள் கை என் உச்சந்தலையில் கொஞ்ச நேரம் நின்றது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அந்தக் கை எடுபட்டுவிடுமே என்று பயந்தேனா?

போட்டி நாள் காலை கொத்மலையில் மூடுபனி விலகியிருந்தது. ஆண்களுக்கு மஞ்சள் தொப்பி, பெண்களுக்கு ரோசாப்பூ நிறத் தொப்பி. செம்மஞ்சள் மிதவையைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். இருபது நிமிடத்துக்குள் கரையேறாதவர்களைச் சைக்கிளில் ஏற விடமாட்டார்கள். யாருக்காவது முடியாவிட்டால் கையை உயர்த்த வேண்டும். காவல் தோணி வந்து தூக்கிக்கொள்ளும். தோணியில் ஏறினால் போட்டி முடிந்தது.

ராணி தண்ணீரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "போகலாமா? ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டாள்.

"என்ன சொல்ல? போகலாம்" என்றேன்.

மிதவைவரை எப்படியோ போய்விட்டேன். ராணி என் இடப்பக்கம், ஒரு கை தூரத்தில் வந்துகொண்டிருந்தாள். என்னைவிட வேகமாக நீந்தக்கூடியவள் ஏன் முந்தாமல் வருகிறாள் என்று அப்போது எனக்கு யோசனை ஓடவில்லை.

மிதவையைச் சுற்றித் திரும்பியதும் கரை மிகத் தூரத்தில் தெரிந்தது. காலுக்குக் கீழே எத்தனை ஆழம் என்ற நினைப்பு வந்தது. அவ்வளவுதான். மூச்சு வாங்க வாய் திறந்தேன். தண்ணீர் உள்ளே போனது. கையும் காலும் எனக்குச் சொந்தமில்லாதவைபோல் அடித்தன. பக்கத்தில் ஒரு தோள் தட்டுப்பட்டது. பிடித்தேன். அழுத்தினேன்.

ராணியின் தோள்... அவள் தலை தண்ணீருக்குள் போனது. நான் மேலே வந்தேன்.

இதை இன்னொரு முறை எழுதுகிறேன், கூட்டாமல் குறைக்காமல். அவளைக் கீழே அழுத்தித்தான் நான் மேலே வந்தேன்.

இருமிக்கொண்டு எழும்பினாள். கோபிக்கவில்லை. என் கையை விடுவித்து, பின்னால் வந்து, பிடரிக்குக் கீழே உள்ளங்கையை வைத்தாள்.

"என்னங்க... வானத்தப் பாருங்க. காதத் தண்ணிக்குள்ள விடுங்க."

"முடியல ராணி..."

"முடியுதா முடியலையான்னு கரையில போய்ச் சண்ட போடுவோம். இப்ப கைய விரிங்க. நான் புடிச்சிருக்கேன். தோணியக் கூப்புடவா?"

தோணி ஐம்பது மீட்டருக்குள்தான் நின்றது. அவள் கையை உயர்த்தியிருந்தால் என்னை ஏற்றியிருப்பார்கள்; அவள் நீந்திப் போயிருப்பாள். நேரம் தாராளமாக இருந்தது. ஏழு பிள்ளைகளுக்கும் அது போதும்.

நான் சொன்னேன்: "வேணாம்... எல்லாரும் பாப்பாங்க."

அவள் கையை உயர்த்தவில்லை. என் மூச்சு ஆறும்வரை என்னை மிதக்கவைத்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வந்தாள். நிலம் தட்டுப்பட இன்னும் முப்பது மீட்டர் இருக்கும்போது, "இனிப் போயிருவீங்க. போங்க" என்றாள். குரல் கம்மியிருந்தது. கெண்டைக்காலில் பிடிப்பு வந்திருந்ததை நான் பிறகுதான் அறிந்தேன்.

போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் கரையேறியது பத்தொன்பது நிமிடம் முப்பத்தெட்டு விநாடியில். ராணி இருபது நிமிடம் நாற்பத்தொரு விநாடியில். அவளுடைய சைக்கிள் நிறுத்திய இடத்திலேயே நின்றது.

நான் சைக்கிள் ஓட்டினேன். ஓடினேன். முடித்தேன்! முடிக்கும் இடத்தில் ராணி என் துவாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கரையிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மஞ்சள் தொப்பியும் ஒரு ரோசாத் தொப்பியும் ஒன்றாய் நின்றது. பிறகு ரோசாத் தொப்பி பின்தங்கியது. மீதியை அவர்களே நினைத்துக்கொண்டார்கள். அறிவிப்பாளர் முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் சொன்னார்: தண்ணீரில் தத்தளித்த மனைவியைக் காப்பாற்றிவிட்டு, போட்டியையும் முடித்த கணவர் இவர்தான். எல்லோரும் கைதட்டினார்கள். ஒலிவாங்கி என் வாய்க்கு முன்னால் வந்தது.

"இல்லை" என்று ஒரு சொல் போதும். ஒரே ஒரு சொல்...

நான் அடக்கமாகச் சிரித்தேன். "பெரிசா ஒண்ணுமில்லீங்க. அவங்க கொஞ்சம் பயந்துட்டாங்க" என்றேன்.

ராணி என்னைப் பார்த்தாள். பிறகு துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளும் கைதட்டினாள்.

அந்தக் கதை எங்களுக்கு முன்பே தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் புஷ்பம் தன் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க பக்கத்துல இருந்ததால டீச்சர் பொழச்சாங்க ஐயா. எங்க புள்ளைங்களுக்குப் பக்கத்துல யாரு இருப்பா? அது வேணாங்க."

பதினெட்டு கிலோ என்று அவள் பெயருக்கு நேரே எழுதினேன். அதுவும் சரியான எண்தான்.

ஏழு பேரில் ஒருத்திகூட வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு பிற்பகல். ராணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அந்தச் சனிக்கிழமைங்கள்ல நான்..." என்று தொடங்கினேன்.

"தெரியுங்க" என்றாள். "என் துவாய மூணு தடவ அலசினாலும் தடாகத்துல போடுற மருந்து வாடை போகாது. உங்களதுல அஞ்சு வாரமா ஒரு வாடையும் இல்ல. தொவைக்கிறவ நான்தானே?"

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "தெரிஞ்சுமா என்னைய எறங்க விட்ட?"

"தண்ணியப் பாத்ததும் நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். கேட்டேனே. நீங்க சொல்லல. அதான் பக்கத்துலயே வந்தேன்."

"மன்னிச்சிரு ராணி."

துவாயை நாலாக மடித்து வைத்தாள். "எனக்கு என்னத்துக்கு? அந்த ஏழு அம்மாமாருக்குச் சொல்லுங்க. நான் சொன்னா, தோத்துப் போனவ சாக்குச் சொல்றான்னுதான் நெனப்பாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

குரலில் சூடே இல்லை. எழுந்து போய் எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

இதெல்லாம் நடந்து எட்டு மாதம். அதற்குப் பிறகு அவள் ஒரு தடவையும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தால் எனக்கு எவ்வளவோ இலேசாக இருக்கும்! நான் இப்போது சனிக்கிழமை தவறாமல் தடாகத்துக்குப் போகிறேன். போன வாரம் இருபத்திரண்டு சுற்று, உண்மையான இருபத்திரண்டு. என் துவாயிலும் இப்போது மருந்து வாடை அடிக்கிறது. ராணி அதைத் துவைத்து, தன்னுடையதற்குப் பக்கத்தில் காயப்போடுகிறாள். வாடையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

நீங்கள் கேட்பீர்கள்: சொல்லிவிட்டால் என்ன? என்ன போய்விடும்? நானும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஏழு பேரையும் தேடிப் போகக்கூட வேண்டியதில்லை எனக்கு. தினமும் விடியற்காலை பெரட்டுக் களத்தில் என் முன்னால்தான் நிற்கிறார்கள், சாக்குப் படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, கூடையோடு. அவர்கள் பெயர்களை வாசிப்பவனே நான்தான். புஷ்பத்தில் தொடங்கி ஏழு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. அதில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்...

நேற்று இரண்டு நாள் மழைக்குப் பிறகு ஓயா கலங்கி ஓடியது. மழைமானியில் முப்பத்தொன்றரை மில்லிமீட்டர். எழுதினேன். பெரட்டு முடிந்து திரும்பும்போது, துணி வாளியோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தாள் தர்ஷினி.

"தண்ணி ஓரத்துலயே நில்லும்மா" என்றேன்.

"சரிங்க ஐயா" என்றாள்.

அவள் துவைத்து முடித்து மேலே ஏறும்வரை நான் அங்கேயே நின்றேன். முப்பத்தாறு நிமிடம். இன்று காலை மறுபடி பெயர் வாசித்தேன். "புஷ்பம்" என்றேன். "இருக்கேங்க ஐயா" என்றாள். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன்.

அடுத்த பெயரை வாசித்தேன்.