பொம்மைக்குக் கிடைத்த ஸ்டூல்

எங்கள் வீட்டுச் சுவரில் இடுப்புயரத்தில் இரண்டு எண்ணெய்க் கறைகள் உண்டு. அம்மாவின் குதிகால்கள்.

திருச்சூர் ஜவுளிக்கடையில் காலை முதல் இருட்டும்வரை நின்றபடி புடவை விரித்துக் காட்டிவிட்டு வருவாள் என் அம்மா வத்சலா. கெண்டைக்கால் கல்லாக இறுகியிருக்கும். வைத்தியசாலைத் தைலத்தைத் தடவி, கால்களைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்துவிடுவாள். தேய்த்துவிடப் போனால் உதைப்பாள்.

"தொடாதே. போய்ப் படி."

நான் பத்தாவதோடு படிப்பை முடித்தது அவளுக்கு நினைவிருக்காது.

கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தது. அம்மாவின் கடையிலும் வாங்கினார்கள், ஒரே ஒரு ஸ்டூல். யாராவது அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் சுகுமாரனுக்கு உடனே இருமல் வரும். ஓணம் நெருங்கியதும் அதையும் பிடுங்கி, வாசல் கண்ணாடிக்குள் தங்கக்கரை போட்ட கசவுப் புடவை கட்டிய பொம்மையை அதில் உட்காரவைத்தார்.

அன்று அம்மா மறந்த சோற்றுப் பாத்திரத்தைக் கொடுக்கப் போனேன். பொம்மை சொகுசாகச் சிரித்துக்கொண்டிருந்தது. அதைக் கீழே கிடத்தி, அம்மா மாதிரியே கால்களைக் கண்ணாடியில் தூக்கி வைத்துவிட்டு, ஸ்டூலை அம்மாவிடம் கொண்டுபோனேன்.

தெருவில் கூட்டம் கூடிச் சிரித்தது. சுகுமாரன் ஓடி வந்தார்.

"யாருடி பொம்மையைப் படுக்க வச்சது?"

"பாவம் சார். உக்காந்து உக்காந்து அதுக்கு முதுகு வலியாம்" என்றேன்.

"வத்சலா, இந்தச் சனியனைக் கூட்டிட்டுப் போ. நாளைக்கு நீயும் வர வேண்டாம்."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் சோறே வெந்திருக்கும். கையிலிருந்த புடவையை மடித்து வைத்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு வேலை முடியலையே சார். புடவை வாங்க ஆள் வந்தா எழுந்திரிப்பேன்."

பக்கத்து மேசையிலிருந்து ரமணிச் சேச்சி சொன்னாள்: "அடுத்தது நான், வத்சலே. ஸ்டூலை விட்டுடாதே."

சுகுமாரன் இரும மறந்து, பொம்மையைத் தூக்கப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சுவரில் கால்களை வைத்துப் படுத்தாள்.

"நாளைக்குப் போவியா?" என்றேன்.

"போவேன். வாசல்ல தடுத்தா அங்கேயே உக்காருவேன். அதுக்கப்புறம் வந்து உன் தோலை உரிப்பேன்."

தைலப் பாட்டிலை என் பக்கம் உருட்டிவிட்டாள்.

"என்ன பார்க்கிறே? அழுத்தித் தேய்."