சாவந்த் சாரின் பை

சாவந்த் சார் இறந்துவிட்டார்... சனிக்கிழமை கடைக்கு வரவில்லையே என்று இன்று காலை தம்பி போன் போட்டான். மகள்தான் எடுத்தாள். நேற்றே எல்லாம் முடிந்துவிட்டதாம்.

நான் போனை வாங்கி, வாயில் வந்ததை ஹிந்தியில் கேட்டுவிட்டேன். இனி தம்பிக்கு எந்த ஆபீசர் வருவார்?

"கௌன்சா ஆபீசர்? பாபா ரிடையர் ஆகி நாலு வருஷம் ஆச்சே..." என்றாள்.

அப்போதிலிருந்து எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

தம்பியிடம் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். சில வருஷங்களுக்கு முன் அவன் ஒரு அடிதடி கேஸில் மாட்டினான். முதல் கேஸ் என்பதால் கோர்ட் ஜெயிலுக்கு அனுப்பவில்லை. ஒரு வருஷம் ப்ரொபேஷன் ஆபீசர் கண்காணிப்பில் இருக்கச் சொன்னது. அந்த ஆபீசர்தான் சாவந்த் சார்.

தாராவியில் அக்காவும் தம்பியுமாக நாங்கள் நடத்தும் லெதர் பை கடைக்கு முதல்முறை வந்தபோது, கையில் ஒரு பழைய பை. "ஜிப் கராப் ஹோ கயா!" என்று, ஜிப் கெட்டுப்போனதைப் பக்கத்துக் கடைக்கும் கேட்கும்படி சொன்னார். உள்ளே உட்கார்ந்த பிறகுதான், ஒழுங்காக வேலைக்கு வருகிறானா, யாரோடு சுற்றுகிறான் என்று மெல்ல விசாரித்தார். அக்கம்பக்கத்தில் இன்றைக்கும் அவர் பெயர் ஜிப் சாப்தான்.

வருஷம் முடிந்தது. அவர் வருவது நிற்கவில்லை. நீட்டிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டோம். கேட்கலாமா என்றால் தம்பி விடமாட்டான். "சும்மா இரி லாத்தா, கிணறு வெட்ட பூதம் கெளம்புன கதையாயிரும்."

தம்பிக்குத் துபாய் வேலை வந்தது... அவரிடம் கேட்கவே பயந்து விட்டுவிட்டோம். கடையநல்லூருக்குக் கல்யாணத்துக்குப் போவதென்றால்கூட அவரிடம் சொல்லிவிட்டுத்தான். "ஜாவ், ஜாவ்" என்பார். வந்ததும் போன் போடச் சொல்வார்.

பெருநாளைக்கு பிரியாணி கொடுத்தால் உருளைக்கிழங்கை மட்டும் பொறுக்கிச் சாப்பிடுவார்...

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். கோபம் வருகிறது. அழுகையும் வருகிறது. இத்தனை வருஷமும் கண்காணிக்க வந்தீர்களா, சும்மா பார்க்க வந்தீர்களா?

போன வாரம் ரிப்பேருக்கு விட்டுப்போன பை ஆணியில்தான் தொங்குகிறது. தம்பி இப்போதுதான் இறக்கிப் பார்த்தான். ஜிப் நன்றாகத்தான் ஓடுகிறது.

"இத யாருட்ட லாத்தா குடுக்க?" என்கிறான்.

நாளை விக்ரோலியில் அவர் வீட்டுக்குப் போகிறோம். சொந்தக்காரர்கள் யாராவது நாங்கள் யார் என்று கேட்டால், ஜிப் தைத்துக் கொடுப்பவர்கள் என்று சொல்லிக்கொள்கிறோம்.

போய் வாருங்கள் சார்...