கார்லண்டின் எட்டு நூற்றைம்பது

வண்டி எதுவானாலும் வெர்லின் ஸ்டாம்பர் முதலில் அதன் பின்பக்கம்தான் போவார். புகைக்குழாய்க்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, ஒட்டிய கரியை வெளிச்சத்தில் பார்ப்பார். வண்டிக்காரரிடம் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். டேட்டன் ஊரில் அவர் நடத்திய கார் பழுதுபார்க்கும் கடையில் முப்பது வருடம் தொலைபேசி எடுத்த மனைவி நேடீனுக்கு இது பழகிப்போனது. புரியாமல் போனது ஒன்றுதான். இவ்வளவு நேர்மையான மனிதர் கார்லண்ட் டிப்ஸிடம் மட்டும் ஏன் உண்மையை மறைத்தார்?

கார்லண்டிடம் எழுபதாம் வருடத்து செவெல் கார் ஒன்று இருந்தது. எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து ஊட்டும் கார்புரேட்டரில் எட்டு நூற்றைம்பது அளவுள்ள பெரியதை வாங்கி அதில் மாட்டியிருந்தார். அன்றிலிருந்து சிக்னலில் நின்று கிளம்பும்போதெல்லாம் வண்டி இருமி அணைந்தது.

"சின்ன எஞ்சினுக்கு எதுக்குய்யா இவ்வளவு பெரிய வாய்? உனக்கு இருக்கிறது போதாதா?" என்றார் வெர்லின்.

"எட்டு நூத்தம்பதுதான் வேணும். மாத்தினா உன் கடைப்பக்கமே வரமாட்டேன். சனிக்கிழமை என் மக ரெனேக்குக் கல்யாணம், சர்ச்சுக்கு இதுலதான் கூட்டிட்டுப் போறேன். நடுவழியில நின்னா அம்மாவோட மினிவேன்ல போயிடுவேன்னு சொல்லிட்டா."

மூன்று நாள் வெர்லின் பெட்ரோல் வரும் சின்னத் துளைகளான ஜெட்டுகளை மாற்றினார், பம்பைத் திருத்தினார். இருமல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை கார்லண்டுக்குத் தெரியாமல், அதே உருவத்தில் அறுநூற்றைம்பது அளவு கார்புரேட்டர் ஒன்றை எடுத்து மாட்டி, மேலே காற்றுவடிகட்டி மூடியைத் திருகினார். எஞ்சின் இருமாமல் சீராக உறுமியது.

"சின்னதுதானே மாட்டினே, எப்படி நல்லா ஓடுது?" என்று கேட்டாள் நேடீன்.

"ஜன்னலைக் கொஞ்சமாத் திறந்தா காத்து சீறிக்கிட்டு வரும். கதவையே திறந்தா?"

"சும்மா மெதுவா வரும்."

"அவ்வளவுதான். சீறுற காத்துதான் பெட்ரோலை இழுக்கும். திங்கட்கிழமை அவன்கிட்ட சொல்லிடுறேன்."

திங்கட்கிழமை கார்லண்ட் வெர்லினை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். "சொன்னேன்ல! பட்டு மாதிரி போச்சுடா. ரெனே ஜன்னலைத் திறந்துட்டு எல்லாருக்கும் கையாட்டினா!"

வெர்லின் தொண்டையைக் கனைத்தார். "மூடியை மட்டும் நீ தொட்டுறாதே. ஏதாவதுன்னா நேரா இங்க கொண்டு வா."

"ஏன் சொல்லலை?" என்றாள் நேடீன், கார்லண்ட் போனதும்.

"அந்த முகத்தை நீ பாத்தியா?"

அந்தக் கோடையில் கார்லண்டின் பேச்சைக் கேட்டு மூன்று பேர் எட்டு நூற்றைம்பது வாங்கிக்கொண்டு வந்தார்கள். "உன் எஞ்சினுக்கு ஒத்துவராது" என்று வெர்லின் சொன்னார். "அப்ப கார்லண்ட் வண்டி மட்டும் எப்படி?" என்று கேட்டார்கள். வெர்லின் கையைத் துணியில் துடைத்தபடி அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். ஒருவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். கார்லண்டிடம் இந்த வாரம் சொல்லிவிடுகிறேன், அடுத்த வாரம் சொல்லிவிடுகிறேன் என்று நேடீனிடம் சொல்லிச் சொல்லியே பதினோரு வருடம் ஓடிவிட்டது. மார்ச் மாதம் வெர்லினின் இதயம் நின்றது.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். உருளைக்கிழங்கு சாலட் தட்டோடு கார்லண்ட் எழுந்து நின்றார். "எட்டு நூத்தம்பதை இந்த உலகத்துல யாராலும் அடக்க முடியலை. வெர்லின் அடக்கினான்" என்றார், கண்களைத் துடைத்தபடி. ரெனே அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அறுநூற்றைம்பதைப் பற்றி வாய் திறக்காமல் நேடீன் கார்லண்டின் தட்டில் இன்னும் கொஞ்சம் சாலட் வைத்தாள். வெர்லின் தன் வாயால் சொல்லித் தீர்க்க வேண்டிய கடன் அது. இன்னும் தீரவில்லை.