புத்தகத்தில் இறந்தவருக்கு ஒரு திவசம்

2023 செப்டெம்பர் 9, சனிக்கிழமை, முற்பகல் பதினொன்று பத்து. கடும் வெயில். மழை பெய்து நாற்பத்தொரு நாள். சோளகக் காற்று சிறுபோகம் வெட்டிய வயல்களிலிருந்து வைக்கோல் தூசியைக் கிளப்பிக்கொண்டுவந்து எங்கள் வேம்பின் கீழ் கொட்டியது. அந்த வேம்பின் கீழே சாய்மனைக் கதிரையில், ஐந்தாம் பாகத்தின் நானூற்று ஆறாம் பக்கத்தில், நான் அரை உறக்கத்தில் இருந்தேன். குசினிக்குள்ளிருந்து உழுந்து வடை பொரியும் மணம் வந்தது. நாவலில் அந்நேரம் ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. அதனால் வடை மணத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

அந்த நாவல் ஆறு பாகம். ஓர் ஆற்றங்கரையில் வாழும் குடும்பத்தின் ஐந்து தலைமுறைக் கதை. யாழ்ப்பாணத்துப் புத்தகக்கடை ஒன்றில் ஐந்து பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி, எட்டு மாதமாக வாசித்துக்கொண்டிருந்தேன். ஆறாம் பாகத்தை வாங்கவில்லை. விலை கூட என்று மனைவிக்குச் சொல்லியிருந்தேன். எனக்குக் கண்புரைக்கு வலது கண் வெட்டியாயிற்று, இடது கண் வெட்ட இருக்கிறது. ஆகவே ஒரு நாளைக்குப் பதினைந்து பக்கம்தான் ஓடும். பதினாறாம் பக்கத்தில் எழுத்துகள் வேப்பம் இலைகளின் நிழலோடு சேர்ந்து ஆடத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு வாசிப்பது நானா, கனவா என்று சொல்ல முடியாது. எங்கள் வாய்க்கால் வரம்பால் அந்தக் குடும்பத்தவர்கள் நடந்து போவார்கள். முதல் தலைமுறைப் பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போவார். அவருடைய நாலு மகன்மார் பின்னால். A9 வீதியில் ஏதாவது பஸ் ஹோர்ன் அடித்தால் எல்லோரும் தண்ணீருக்குள் கரைந்துபோவார்கள்.

இத்தனை பேரை மனதில் வைத்திருப்பது கஷ்டம். ஒரு கொப்பியில் பெயரும் முறையும் எழுதினேன். பிறகு இறந்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. நாவலாசிரியர் ஒழுங்கானவர், ஒவ்வொருவரும் எந்த மாதம், எந்தப் பிறையில், எந்தத் திதியில் கண்ணை மூடினார் என்று எழுதிவிடுவார். பெரியவர் இறந்தது ஆவணித் தேய்பிறைத் தசமி. முதலாம் பாகம், முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

அதை வாசித்த அன்று எனக்கு வந்தது துக்கம் இல்லை, பொறாமை. இதை ஒளித்து எழுதுவதில் பயனில்லை.

என் தம்பி 2009இல், யுத்தத்தின் முடிவில், கடலோரத்தில் நாங்கள் எல்லோரும் தறப்பாளுக்குக் கீழே கிடந்த நாட்களில், கஞ்சி வாங்கிவரச் சட்டியோடு போனவன். திரும்பி வரவில்லை. அது எந்த நாள் என்று எனக்குத் தெரியாது. முப்பத்தொரு வருடம் குளத்தின் நீர்மட்டத்தைக் காலையும் மாலையும் வாசித்து எழுதியவன் நான். காய்ச்சலில்கூட ஒரு நாள் தவறவிட்டதில்லை. அந்தக் கிழமைகளில் மட்டும் நாட்களை எண்ணாமல் விட்டுவிட்டேன். நாள் தெரியாதவர்களுக்கு ஏதாவது ஒரு திதியைக் குறித்துக்கொண்டு திவசம் கொடுக்கலாம் என்று கோயில் ஐயர் சொன்னார். அதற்குத் தம்பியின் மனைவி சம்மதிக்க வேண்டும். என் மச்சாள் இரண்டு ஒழுங்கை தள்ளித் தனியாக இருக்கிறார். நெற்றியில் குங்குமம் வைக்காத நாள் இல்லை. 2016இல் ஒரு தடவை இந்தக் கதையை எடுத்தேன். பதினொரு மாதம் மச்சாள் எங்கள் படலையைத் திறக்கவில்லை. 2021இல் இன்னொரு தடவை, ஆறு மாதம். எனக்கு எழுபத்தேழு வயது. நானும் போய்விட்டால் அவனுக்கு ஒரு பிடி சோறு வைக்க ஆள் இல்லை. மூன்றாம் தடவை கேட்க வேண்டும், எப்படிக் கேட்பது என்பதுதான் அந்த எட்டு மாதமும் வாசிப்புக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது.

பொறாமை வந்த அன்று நான் ஒரு வேலை செய்தேன். எங்கள் வீட்டில் இறந்தவர்களின் திதிகளைச் சுவர்க் கலண்டரில் நான்தான் குறிப்பேன். ஒவ்வொரு தை மாதமும் பழைய கலண்டரைப் பார்த்துப் புதியதில் சிவப்புப் பேனையால் எழுதுவேன். என் பக்கத்தில் ஐந்து பேர், மனைவி பக்கத்தில் நாலு பேர். அன்று செப்டெம்பர் பக்கத்தைத் திருப்பி, ஆவணித் தேய்பிறைத் தசமி எந்தத் திகதியில் வருகிறது என்று பார்த்து, அந்தக் கட்டத்துக்குள் பென்சிலால் 'பெரியவர் திவசம்' என்று எழுதினேன். அவருக்கு ஒரு திதி இருந்தது, எழுதினேன். பிறகு மறந்தும் போனேன்.

படலைச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். மச்சாள் நின்றார். ஒரு கையில் மூன்று வாழைக்காய், மற்றக் கையில் தயிர்ச் சட்டி. உள்ளே வரவில்லை.

"அத்தான், நீங்கள் என்னைக் கேக்காமல் நாள் வைச்சிட்டியளோ?"

"என்ன நாள்?"

"அக்கா நேற்றுச் சொல்லி அனுப்பினவா, நாளைக்குத் திவசம், வந்து சாப்பிடச் சொல்லி. உங்கடை வீட்டில ஆவணியில ஆருக்கும் திவசம் இல்லை. எனக்குத் தெரியும். ஆரின்ரை திவசம் இது?"

மனைவி அகப்பையோடு குசினி வாசலுக்கு வந்தார்.

"இவரின்ரை பெரியப்பாவோ ஆரோ. கலண்டரில கிடந்தது, பிள்ளை. நாப்பத்தேழு வருசமா நான் தவறவிட்டிட்டன் எண்டு எனக்கே வெக்கமாக் கிடந்தது. அதுதான் இவரிட்டயும் கேக்கேல்லை."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பொய் சொல்ல வசதியாக எனக்கு இரண்டு பெரியப்பாமார் இருந்திருக்கிறார்கள். ஆனால் மச்சாள் தயிர்ச் சட்டியைக் கீழே வைக்காமல் படலையடியிலேயே நின்றார். அவர் அப்படி நிற்கும்போது என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"தம்பிக்கு இல்லை," என்றேன். "உங்களைக் கேக்காமல் நான் அப்பிடிச் செய்வனோ? இது... இது புத்தகத்தில செத்த ஆள்."

"என்ன?" என்றார் மனைவி.

"முதலாம் பாகம். முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்."

மனைவி உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"நான் விடிய நாலு மணிக்கு எழும்பி உழுந்து அரைச்சனான்," என்றார் மனைவி. "ஏழு கறி. பாயாசம். முழுகிப்போட்டு ஈரத்தலையோட நிண்டு சமைச்சனான். ஆருக்கு? பேப்பரில செத்தவனுக்கு!"

"சத்தம் போடாதையும். நல்ல மனிசன் அவர்."

"காகத்துக்கும் வைச்சிட்டன். ரெண்டு காகம் வந்து திண்டிட்டுப் போட்டுது."

"அப்ப என்னக்கா, அவர் வந்திட்டார்தானே," என்றார் மச்சாள். சொல்லிவிட்டுச் சிரித்தார். முதலில் மெல்ல, பிறகு தயிர்ச் சட்டியை நிலத்தில் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பதினான்கு வருடம். மனைவி அகப்பையை எனக்கு நேரே ஒரு தடவை ஓங்கினார், பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வாழை இலை போட்டுச் சாப்பிட்டோம். சாப்பாட்டுக்கு நடுவில் மச்சாள் கேட்டார்.

"அந்தப் புத்தகத்தில எத்தினை பேர்?"

"நூற்றுப் பதினேழு."

"எத்தினை பேர் செத்துப்போச்சினம்?"

"அறுபத்து நாலு."

"அப்ப மிச்சம் அம்பத்து மூண்டு பேரும் இருக்கினம்."

"அம்பத்திரண்டு," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "ஒருத்தர் எங்கை எண்டு தெரியாது."

மனைவி என் இலையைப் பார்த்தார். மச்சாள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். இனி மறைக்க முடியாது. சொன்னேன். பெரியவரின் நாலாவது மகன். மூன்றாம் பாகத்தில் வெள்ளம் வருகிறது. அவர் நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தோணியில் போகிறார். அதோடு சரி. நாலாம் பாகத்திலும் இல்லை, ஐந்தாம் பாகத்திலும் இதுவரை இல்லை. புள்ளி வைக்கவும் விடவும் முடியாத ஒரே பெயர் அது.

"அவரின்ரை மனிசி?"

"இருக்கிறா. எப்ப பார்த்தாலும் பின்வளவில நெல் அவிச்சுக்கொண்டு நிக்கிறா."

"ஆறாம் பாகம்?"

"வாங்கேல்லை."

"ஏன்?"

விலை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எழுதினவர் அவரை மறந்துபோனார் எண்டு நினைக்கிறன். கடைசிப் பாகத்திலயும் இல்லையெண்டால் என்ன செய்யிறது?"

மச்சாள் வாழைக்காய்ப் பொரியல் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார்.

"மறந்திருக்க மாட்டார், அத்தான். மனிசியை நெல் அவிக்க விட்டிருக்கிறாரே."

மூன்றாம் தடவை கேட்க நினைத்ததை நான் அன்று கேட்கவில்லை. சாப்பிட்ட இலையை மடித்தபோது, அதை இனி ஒருநாளும் கேட்க மாட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை யாழ்ப்பாணம் போய் ஆறாம் பாகத்தை வாங்கினேன். மேலே கண்ணாடித் தாள் சுற்றியிருந்தது. கிழிக்கவில்லை. பரந்தன் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆனையிறவைக் கடந்தபோது இரு பக்கமும் நீர் வெள்ளை வெயிலில் கிடந்தது, தூரத்தில் ஒரு தோணி. யாருடையதோ. கண் தெளிவாக இல்லாததால் அதில் மூட்டை இருந்ததா என்று சொல்ல முடியவில்லை. நேரே மச்சாள் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைக் கொடுத்தேன்.

"நீங்கள் வாசிச்சுப்போட்டு எனக்குச் சொல்லுங்கோ. வாறாரோ இல்லையோ எண்டு மட்டும் சொன்னால் போதும்."

அவர் புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கி, அலுமாரிக்கு மேலே வைத்தார்.

"முதலாம் பாகத்தில இருந்து வாசிச்சாத்தானே ஆக்களைத் தெரியும். மற்ற அஞ்சையும் கொண்டுவாங்கோ."

இது நான் எதிர்பார்க்காத கணக்கு. ஆறு பாகமும் மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அவர் ஒரு நாளைக்கு ஆறு பக்கம்தான் வாசிப்பார். அதற்கு மேலே தலையிடிக்கும் என்கிறார். ஐந்நூற்று அறுபத்தொன்பது நாள். 2025 பங்குனி ஆகும். அதுவரைக்கும் நான் இருக்க வேண்டும், இடது கண்ணும் இருக்க வேண்டும். ஒரு ஆள் வருமா என்று தெரியாமல் நாளை எண்ணிக்கொண்டிருப்பது எப்படி என்று, எழுபத்தேழு வயதில், மாலை ஐந்து மணிக்குச் சைக்கிளில் அந்த ஒழுங்கையால் போகும்போது யோசிக்கிறேன். அவர் முற்றத்தில் கதிரையைப் போட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விரலை வரியில் வைத்து வாசித்துக்கொண்டிருப்பார். சில நாள் நிற்காமல் போய்விடுவேன்.

தை மாதம் புதிய கலண்டர் வந்தது. இந்தத் தடவை மனைவி சிவப்புப் பேனையை என்னிடம் தரவில்லை. தானே எழுதினார். பார்த்தேன்: பத்துப் பேர். பெரியவரையும் சேர்த்திருந்தார்.

"காகம் வந்து சாப்பிட்டிட்டுது. இனி விடேலாது," என்றார்.

தம்பியின் பெயர் எந்தக் கட்டத்திலும் இல்லை. அப்படியே இருக்கட்டும்.

நேற்று மச்சாள் படலையடியில் என்னை மறித்தார். மூன்றாம் பாகத்தில் நிற்கிறார். நெற்றியில் குங்குமம், கையில் புத்தகம், பக்கத்துக்கு அடையாளமாக ஒரு கோழி இறகு.

"தோணியில ஏறிப் போயிட்டார், அத்தான். மூட்டையெல்லாம் ஏத்திக்கொண்டு."

"ஓம்," என்றேன். "இனி என்ன?"

"இனி என்ன, இருந்து வாசிக்கிறதுதான்."

இந்த ஒரு திவசத்தால் வந்த செலவையும் எழுதிவைக்கிறேன்: ஏழு கறியும் வடையும் பாயாசமுமாகத் திவசச் சமையல் ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபா. ஆறாம் பாகம் இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது. யாழ்ப்பாணம் போய்வர பஸ்ஸுக்கு அறுநூற்று இருபது. பஸ் நிலையத்தில் ஒரு பிளேன்ரீயும் வடையும் நூற்று ஐம்பது. எல்லாமாக ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது ரூபா.