தங்கமயில் திறந்த நெஞ்சுப் படம்

தங்கமயில் மும்பை தாராவியில் பிறந்தவள். அப்பா அய்யாத்துரைக்குத் தையல் மெஷின் பழுதுபார்க்கும் தொழில். பக்கத்துச் சயானில் படித்தவள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். எங்கள் அறக்கட்டளைக்குத் தாராவியிலும் செம்பூரிலும் உள்ள நெஞ்சுநோய் கிளினிக்குகளின் சர்வர்கள் அவள் பொறுப்பு. எக்ஸ்ரே படங்களுக்கு உறை போட்டு வருஷவாரியாக அடுக்கிவைத்தவன் நான். அந்த வேலையைச் சர்வர் எப்படிச் செய்கிறது என்பதை அவளிடமிருந்துதான் அறிந்தேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். நோயாளி வரும்போதெல்லாம் அவருடைய பழைய படங்கள் அத்தனையையும் புது ஃபோல்டரில் இன்னொரு காப்பி போடுவார்கள். கேட்டால், "கெடந்துட்டுப் போகுது" என்பார்கள். டிஸ்க் நிரம்பியது. தங்கமயில் தாராவி சர்வரில் ஓர் ஏற்பாடு செய்தாள். அது ஒவ்வொரு படத்தையும் சிறு துண்டுகளாக வெட்டும். ஒரே மாதிரியான துண்டு எத்தனை இருந்தாலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும். படம் இருந்த இடத்தில், எந்தத் துண்டுகளை எப்படிச் சேர்ப்பது என்ற குறிப்பு மட்டும் இருக்கும். செம்பூர் சர்வர் பழையது. அதற்கு இது தெரியாது. தாராவியின் புதுப் படங்கள் மட்டும் அங்கே முழுசாக நகலாகி வந்தன; பழையவை தாராவியில் மட்டுமே இருந்தன.

போன ஜூலை மழையில் தாராவி கிளினிக்குக்குள் தண்ணீர் புகுந்தது. ஊழியர் வேல்ராஜ் சர்வரிலிருந்து டிஸ்கைக் கழற்றி, ரெயின்கோட்டில் சுற்றி, தலையில் வைத்து இடுப்பளவு தண்ணீரில் நடந்து காப்பாற்றினார். சர்வர் முழுகிப் போனது. அவர் டிஸ்கைச் செம்பூர் சர்வரில் மாட்டி, அதற்கும் செம்பூர் டிஸ்குக்கும் இடையே நகலெடுப்பையும் ஓடவிட்டார்.

மறுநாள் செம்பூர் கிளினிக்குக்குச் சுடலைக்கண்ணன் வந்தார். தாராவியில் தோல் பை வெட்டுகிறவர். அவருடைய புதுப் படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. டாக்டர் பிரபாவதி சொன்னார்: "பழைய படத்துலயும் இதே அளவுல இருந்தா வெறும் தழும்பு. இல்லேன்னா நெஞ்சுல ஊசி விட்டுச் சதை எடுக்கணும்."

பழைய படத்தின் பெயர் இருந்தது, தேதி இருந்தது. படம் திறக்கவில்லை. எந்தப் பழைய படமும் திறக்கவில்லை.

தங்கமயில் வந்ததும் வேறெதையும் பார்க்காமல் நகலெடுப்பை நிறுத்தினாள்.

"ஏன் தங்கம், காப்பி ஆகட்டுமே?" என்றார் வேல்ராஜ்.

"அரே பாய், இது ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும்னு அடம்பிடிக்கும். இந்தப் பக்கம் இல்லாதத அந்தப் பக்கமும் அழிச்சிரும். ரெயின்கோட்டுல வச்சுக் காப்பாத்தினத மவுஸால கொன்னுருப்பீங்க!"

பிறகு ஒரு படத்தின் விவரத்தைத் திறந்து எனக்குக் காட்டினாள். அளவு பெரிதாக இருந்தது; டிஸ்கில் பிடித்திருந்த இடமோ ஒன்றுமில்லை.

"சார், படம் கெடல. இது குறிப்பு. துண்டெல்லாம் இதே டிஸ்க்ல இன்னொரு மூலையில இருக்கு. இந்தக் கெழட்டு மெஷினுக்குச் சேர்க்கத் தெரியல."

சுடலைக்கண்ணன் எட்டிப் பார்த்தார். "ஏ தாயி, என் நெஞ்சையும் பை மாதிரி வெட்டிப் போட்டுட்டியளா?"

"வெட்டித்தான் வச்சிருக்கு மாமா. ஓரத்துக் கறுப்பு எல்லார் படத்துலயும் ஒண்ணுதான். அத ஒரே ஒரு துண்டா வச்சு, ஊருக்கே அதத்தான் குடுக்குது."

ஆயிரக்கணக்கான நெஞ்சுகளுக்கு ஒரே இருட்டு! உறைக்குள் வைத்த படம் உறைக்குள் இருக்கும் என்பது மட்டுமே நான் அறிந்த ஒழுங்கு.

அந்த வித்தை தெரிந்த புது சர்வர் ஒன்றை அன்றைக்கே வரவழைத்தாள். அதில் துண்டுகளைத் துப்புரவாக்கும் வேலையை முதலில் நிறுத்தினாள். தேவையற்றவை என்று எண்ணி அது எதையாவது வீசிவிடக் கூடாதாம். அதன் பிறகுதான் டிஸ்கை மாட்டினாள். சுடலைக்கண்ணன் தன் நெஞ்சின் மேல் கைவைத்தபடி நின்றார்.

திரையில் விலா எலும்புகள் எழுந்தன. சிதறிக் கிடந்தவை என்று சொல்ல ஒரு கோடு இல்லை, ஒரு தையல் இல்லை. டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். அதே இடம், அதே அளவு.

"தழும்புதான். ஊசி வேண்டாம்."

சுடலைக்கண்ணன் நகரவில்லை. "தாயி, அத இன்னொரு தடவ மூடித் தொற."

தங்கமயில் சிரித்துக்கொண்டே மூடினாள், திறந்தாள். எங்கெங்கோ இருந்த துண்டுகளெல்லாம் மறுபடியும் வந்து அவருடைய நெஞ்சாக நின்றன.